பிளக்கைச் செருகுமுன் ஒரு வகுத்தல் கணக்கு

ஒரு காலத்தில் நம் தோட்டங்கள் பலவற்றில் ஜெனரேட்டர் மின்சாரம்தான். மாலையில் விளக்கு எரியும். இரவில் ஒரு நேரம் வந்தால் நின்றுவிடும். இன்றோ லயத்து வீடானாலும் சிலிம் ரிவர் பட்டணத்து வீடானாலும் ரைஸ் குக்கர், கேத்தல், இஸ்திரிப் பெட்டி என்று சாமான்கள் பெருகிவிட்டன. சுவரிலுள்ள பிளக் துளைகள் மட்டும் பெருகவில்லை. ஆகவே ஒரே எக்ஸ்டென்ஷனில் எல்லாவற்றையும் செருகிவிடுகிறோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

உயரத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் உயரம் தரும் அழுத்தம் போன்றது வோல்ட். குழாயில் ஓடும் தண்ணீரின் அளவு போன்றது ஆம்பியர். குழாயின் குறுகல் போன்றது மின்தடை. அதன் அளவு ஓம். ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம் என்பவர் 1827-இல் வெளியிட்ட நூலில் இம்மூன்றுக்கும் உள்ள உறவை விளக்கினார். அவர் பெயரே அந்த அளவுக்கு நிலைத்துவிட்டது.

நமக்கு இரண்டு விதிகள் போதும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், அதாவது மின்திறன்.

நம் நாட்டில் வீட்டு மின்சாரம் முன்பு 240 வோல்ட். 2008 முதல் 230 வோல்ட் என்று வகுத்திருக்கிறார்கள். கேத்தலின் அடியில் 2000 வாட் என்று எழுதியிருந்தால், 2000-ஐ 230-ஆல் வகுங்கள். 8.7 ஆம்பியர். அதன் மின்தடை 230-ஐ 8.7-ஆல் வகுக்க வருவது. ஏறக்குறைய 26 ஓம். 1000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு 4.3 ஆம்பியர், 53 ஓம். தடை குறையக் குறைய மின்சாரம் அதிகம் பாய்கிறது, பார்த்தீர்களா?

இனி கூட்டிப் பாருங்கள். கேத்தல் 8.7, இஸ்திரிப் பெட்டி 4.3, 700 வாட் ரைஸ் குக்கர் 3. மொத்தம் 16 ஆம்பியர். எக்ஸ்டென்ஷனின் பிளக்கோ 13 ஆம்பியருக்கு உரியது.

"அதிகமானால் பியூஸ் அறுந்துவிடுமே" என்று சிலர் சொல்வார்கள். 13 ஆம்பியர் பியூஸ் 16 ஆம்பியரை வெகுநேரம் தாங்கி நிற்கும். அதற்குள் வயரும் பிளக்கும் சூடேறிவிடும். அறுந்த பியூஸில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றுவதோ, காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

தளர்ந்த இணைப்பு இன்னொரு எதிரி. அவ்விடத்தில் 1 ஓம் தடை இருந்து, 10 ஆம்பியர் ஓடினால், அங்கே மட்டும் 10 வோல்ட் வீணாகிறது. பத்தைப் பத்தால் பெருக்கினால் 100 வாட். பழைய 100 வாட் குண்டு பல்பு தொட முடியாதபடி சுடுவது நமக்குத் தெரியும். அத்தனை சூடும் பலகைச் சுவரோரம், கண்ணுக்குத் தெரியாமல் கனன்றால் என்னாவது?

ஆகவே, தாய்மார்களே, கேத்தலையும் இஸ்திரிப் பெட்டியையும் தனித்தனியே சுவர்ப் பிளக்கில் செருகுங்கள். பிளக் சுட்டாலோ, கருகிய வாடை வந்தாலோ உடனே நிறுத்திவிட்டு, உரிமம் பெற்ற வயர்மேனை அழையுங்கள். சாமான்களில் எழுதியுள்ள வாட் அளவைப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லி, 230-ஆல் வகுத்துக் கூட்டச் சொல்லுங்கள். விடை 13-ஐத் தாண்டினால், ஒரு பிளக்கைக் கழற்றுவதே சரியான விடை.