மூடிய ஸ்டேஷனில் மீண்டும் கூட்டம்! பாதையை மீட்ட "பிக்னிக் ரெயில்"

ஸ்டேஷனை மூடியவர்களுக்கு டிக்கெட் வாங்கியே பதில் சொன்னார்கள், வட இங்கிலாந்து மக்கள்!

செட்டில் என்ற ஊரில் இருந்து கார்லைல் நகருக்குப் போகும் மலைப்பாதை அது. நீளம் சுமார் 72 மைல். 1970-ல், செட்டில், ஆப்பிள்பி தவிர வழியில் இருந்த ஸ்டேஷன்களுக்கு எல்லாம் பூட்டு விழுந்தது. ரெயில் வரும், நிற்காமல் போய்விடும்!

வாடகை ரெயில்

1975-ல் யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசிய பூங்கா நிர்வாகம் ஸ்பெஷல் ரெயிலை வாடகைக்குப் பிடித்தது. பெயர், "டேல்ஸ் ரெயில்". விடுமுறை நாட்களில் மூடிய ஸ்டேஷன்களில் நின்றது. மலையில் நடக்க நகரத்துக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கிராமத்துக்காரர்கள் அதே ரெயிலில் ஏறி டவுனுக்குப் போனார்கள்.

நாயும் ஆட்சேபனை!

அடுத்த இடி 1980-களில் விழுந்தது. 24 வளைவுகள் கொண்ட ரிபிள்ஹெட் பாலம் பழுது. "ரிப்பேர் செலவு கட்டுப்படி ஆகாது, பாதையையே மூடணும்" என்றது ரெயில்வே.

ஊரே கொதித்தது. 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்சேபனைகள் குவிந்தன. அதில் ஒன்று, ஒரு நாயின் கால் தடம்! அதுவும் டிக்கெட் எடுத்துப் போன பயணிதானாம்!

ஜனங்கள் மனுவோடு நிற்கவில்லை. ரெயிலில் ஏறினார்கள். 1983-ல் 93 ஆயிரமாக இருந்த பயணங்கள், 1989-ல் 4½ லட்சம் ஆயின. 1986-ல் 8 ஸ்டேஷன்கள் திறக்கப்பட்டன. 1989 ஏப்ரல் 11-ந் தேதி, மூடும் திட்டத்தை அரசு கைவிட்டது.

ரெயில் இன்றும் ஓடுகிறது. கார்ஸ்டேல் ஸ்டேஷனில் அந்த நாய்க்குச் சிலையே வைத்துவிட்டார்கள்!