தீவு ஊரில் ஓர் அறை

மாலத்தீவில் மக்கள் வாழும் தீவுகளில் பயணிகளுக்கு நாள்வாடகைக்குக் கிடைக்கும் விடுதிக்கு கெஸ்ட் ஹவுஸ் என்று பெயர். ஐந்தாறு அறைகள், வாசலில் செருப்புக் குவியல், மணல் தெருவோரம் சாய்த்து வைத்த சைக்கிள், கூரைமேல் தண்ணீர்த் தொட்டி. பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் பெயர்ப்பலகை ஒன்றுதான் வித்தியாசம். பல விடுதிகள் ஒரு காலத்தில் வீடாகவே இருந்தவை. மாடி எடுத்து, குளிர்சாதனம் வைத்து, சுற்றுலா அமைச்சகத்தில் பதிவு செய்ததும் விடுதியாகிவிட்டன. கடலுக்குள் மரக்கால் ஊன்றி நிற்கும் சொகுசுக் குடில்களின் படங்களைப் பார்த்தே மாலத்தீவை அறிந்தவர்களுக்கு இது வேறு நாடு போலத் தோன்றும்.

ஒருவகையில் வேறு நாடாகத்தான் வைத்திருந்தார்கள். ஏறத்தாழ 1,190 தீவுகளில் மக்கள் குடியிருப்பவை 200-க்கும் குறைவு. 1972-இல் ஆளில்லாத விஹமனாஃபுஷி தீவில் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறக்கப்பட்டது. ‘ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்’ என்ற முறை அதன்பின் நிலைத்தது. மதுவும் நீச்சலுடையும் ஆளில்லாத தீவுகளோடு நின்றுகொள்ள வேண்டும், இஸ்லாமிய ஊர்களுக்குள் வரக்கூடாது என்பது ஏற்பாடு. ஆளில்லாத தீவுகளைக் குத்தகைக்கு விடுவதில் அரசுக்கு வருமானமும் இருந்தது. 1980-களிலிருந்து ஊர்த்தீவுகளில் பயணிகள் தங்குவதற்குத் தடை. ரிசார்ட்டுக்கு மீன் விற்றவர்களும் அங்கே வேலைக்குப் போனவர்களும் உண்டு. ஆனால் தன் வீட்டு அறையை ஒரு பயணிக்கு விட்டுக் காசு பார்க்க எந்த மீனவக் குடும்பத்துக்கும் வழியில்லை.

2008-இல் நடந்த முதல் பல கட்சித் தேர்தலில் முகமது நஷீத் குடியரசுத் தலைவரானார். அடுத்த ஆண்டு விதிகள் தளர்த்தப்பட்டன. முதலில் முந்திக்கொண்ட தீவுகளுள் ஒன்று, தலைநகர் மாலேக்குத் தெற்கே உள்ள மாஃபுஷி. அதுவரை அந்தப் பெயரைச் சொன்னால் நாட்டு மக்களுக்குச் சிறைச்சாலைதான் நினைவுக்கு வரும். சிறை இன்றும் அங்கேதான் இருக்கிறது. தீவின் மறுமுனையில் அடுக்குமாடி விடுதிகள் கடலை மறைத்து நிற்கின்றன. வீட்டோடு ஒட்டிய சிறு விடுதி என்ற தொடக்கக் கால எண்ணத்துக்கு மாஃபுஷியை இனி எடுத்துக்காட்டாகச் சொல்ல முடியாது. அத்தகைய விடுதியைத் தேடுபவர்கள் ஃபுலிதூ, உக்குல்ஹஸ் போன்ற தீவுகளுக்குப் போகிறார்கள். அலைச்சறுக்குக்குத் துலுஸ்தூ, திமிங்கிலச் சுறாவுக்குத் திகுரா, தர்ப்பூசணித் தோட்டங்களுக்குத் தொட்டூ என்று ஒவ்வொரு தீவுக்கும் ஒரு பெயர் உண்டு.

அறையைத் தேர்ந்தெடுக்கும் முன் படகைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதுதான் இந்தப் பயணத்தின் விசித்திரம். வேலானா விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித்தீவில் இருக்கிறது. வெளியே வந்தால் வாடகைக் கார் நிற்பதுபோலப் படகுகள் நிற்கும். பொதுப் படகில் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் பல தீவுகளுக்கு அது நாளுக்கு ஒன்று அல்லது வாரத்தில் சில நாள் மட்டும். வார விடுமுறையான வெள்ளிக்கிழமை பெரும்பாலும் ஓடாது. தனியார் விரைவுப் படகு ஒன்றரை மணி நேர வழியை அரை மணியில் கடக்கும், கட்டணம் பல மடங்கு. கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். தொலைவில் உள்ள தீவுக்குப் போக வேண்டியவர் இரவு எட்டு மணிக்கு வந்திறங்கினால், சாலை வழியாகவே போகக்கூடிய ஹுல்ஹுமாலேயில் ஓர் இரவு தங்கித்தான் ஆக வேண்டும். அறை வாடகையில் மிச்சம் பிடித்த பணம் இந்த ஓர் இரவிலேயே கரைந்துவிடுவது உண்டு.

முன்பதிவுத் தளத்தில் காணும் தொகையும் கையிலிருந்து போகும் தொகையும் ஒன்றல்ல. சுற்றுலாச் சேவைகளுக்கான வரி 2025 ஜூலை முதல் 17 விழுக்காடு. வரி போடுவதற்கு முன் வாடகையோடு சேவைக் கட்டணமாக 10 விழுக்காடு சேரும்; வரி அந்தக் கூட்டுத்தொகைக்கு விதிக்கப்படும். இவை போக, ஆளுக்கு ஓர் இரவுக்குப் பசுமை வரி தனி. ஐம்பது அறைக்கு மேற்படாத கெஸ்ட் ஹவுஸ்களில் 3 டாலராக இருந்த அது 2025 ஜனவரியில் 6 டாலராயிற்று. 50 டாலர் என்று போட்டிருக்கும் அறையில் இருவர் தங்கினால், எல்லாம் சேர்ந்து ஓர் இரவுக்கு 76 டாலரைத் தாண்டும். சில விடுதிகள் வரிகளை முன்பே சேர்த்துச் சொல்கின்றன, சில கடைசி நாளில்தான் கணக்கை நீட்டுகின்றன. ஏமாற்று என்று சொல்வதற்கில்லை. விளம்பரத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்திருக்கும்.

தீவின் சட்டதிட்டங்களும் அறையோடு சேர்ந்தே வருகின்றன. ஊர்த்தீவுகளில் மது கிடையாது. பெட்டியில் பாட்டில் இருந்தால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். தெருவில் தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும். நீச்சலுடைக்கென்று கரையில் ஒரு பகுதி ஒதுக்கி, கீற்றுத் தட்டியோ செடிவேலியோ வைத்து மறைத்திருப்பார்கள். அதன் பெயரே பிகினி பீச். தீவின் எல்லா மணலும் அப்படி அல்ல என்பதால், ‘கடற்கரைக்கு ஒரு நிமிடம்’ என்று விளம்பரம் சொல்லும்போது எந்தக் கடற்கரைக்கு என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஊரார் குளிக்கும் துறையாகவும் இருக்கலாம், படகுத்துறையாகவும் இருக்கலாம். மதுவுக்கும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள்: மாஃபுஷி போன்ற தீவுகளுக்கு எதிரே, கரையிலிருந்து சற்றுத் தள்ளி, உரிமம் பெற்ற படகொன்று நங்கூரமிட்டு மதுக்கூடமாக நிற்கும், சிறு படகில் போய்வரலாம். சட்டம் கரையோடு முடிகிறது, வியாபாரம் அங்கே தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகள் அடைத்திருக்கும்; ரமலான் மாதத்தில் பகலில் தேநீர்க் கடைகள் திறக்காது.

காலை உணவு தமிழருக்குப் பாதி தெரிந்ததாகவே இருக்கும். சூரை மீனைத் துருவிய தேங்காய், வெங்காயம், மிளகாய், எலுமிச்சையோடு பிசைந்தால் மஸ்ஹுனி. தொட்டுக்கொள்ள ரோஷி என்னும் மெல்லிய ரொட்டி. இந்தச் சூரையை அவித்து, புகையூட்டி, விறகுக்கட்டை போல உலர்த்தியதைத்தான் இலங்கையிலும் தூத்துக்குடியிலும் மாசி என்கிறார்கள். தூத்துக்குடித் தோணிகள் மாலேக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிப் போவது பழைய பழக்கம். மீனும் தேங்காயும் தவிர, தட்டில் விழும் பெரும்பாலானவை கப்பலில் வந்தவை என்பதால், ஓர் எளிய காய்கறிக் குழம்புக்குக்கூட எதிர்பாராத விலை இருக்கும்.

தண்ணீரும் அப்படித்தான். பவளத்தீவுகளில் ஆறு கிடையாது. மணலுக்கடியில் மெல்லிய படலமாக நிற்கும் நன்னீர், அளவுக்கு மீறி இறைத்தால் உவர்த்துவிடும். குளியலறைக் குழாயில் வருவது பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்தது, குடிப்பதற்குப் பாட்டில். மின்சாரம் பெரும்பாலும் டீசலில் ஓடுகிறது. நாள் முழுதும் குளிர்சாதனத்தை ஓடவிட்டுப் போகும் விருந்தாளியைக் கண்டு விடுதிக்காரர் முகம் சுளித்தால் காரணம் இதுதான்.

கடலின் குணம் காற்றைப் பொறுத்தது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வீசும் வடகிழக்குக் காற்றை அங்கே இருவை என்கிறார்கள். நம் மீனவர்களின் வாடைக்கு உறவு. அப்போது வானம் தெளிந்திருக்கும், வாடகையும் ஏறும். மே முதல் அக்டோபர் வரை ஹுல்ஹங்கு, நம்மூர்க் கச்சானுக்குச் சமானம். மழையும் அலையும் அதிகம், படகுப் பயணம் வயிற்றைக் கலக்கும், அறை மலிவு. மழைக்காலம் என்பதற்காக நாள் முழுதும் பெய்யாது. இரண்டு மணி நேரம் கொட்டிவிட்டு வெயிலடிக்கும் நாட்களே மிகுதி. கரையை ஒட்டிய பவளப்பாறையில் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து நீந்துவதற்குச் செலவில்லை. ஆனால் பாறைகளுக்கிடையே கடல் புகுந்து வெளியேறும் கால்வாய்களில் நீரோட்டம் வலுவானது. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் அங்கே இறங்குவது அறிவீனம். பவளங்கள் 1998-லும் 2016-லும் சூடேறிய கடலில் பெருமளவு வெளுத்துப்போயின. எல்லாத் தீவிலும் படத்தில் கண்ட வண்ணம் இருக்காது. படகுத்துறைக்காகக் கடலடியைத் தோண்டிய தீவுகளில் நிலை இன்னும் மோசம்.

புறப்படும் நாளிலும் படகுதான் எசமான். விடியற்காலைப் படகை விட்டால் விமானம் தவறும், ஏறினால் இரவு விமானத்துக்குப் பகல் முழுதும் மாலேயில் கழிக்க வேண்டும். நடந்தே சுற்றிவிடக்கூடிய சிறிய நகரம் அது. பவளக்கல்லை அறுத்து, செதுக்கி, ஒன்றோடொன்று பொருத்தி 1658-இல் எழுப்பிய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல் அங்கே இருக்கிறது. வடக்குக் கரையில் மீன் சந்தை. பிற்பகலில் படகுகள் வந்ததும் தரையெங்கும் சூரை கிடக்கும். அருகிலுள்ள கடைகளில் மாசி கட்டுக்கட்டாக விற்கிறது.