உலோகத் தலைக்கவசத்தினுள் பார்வை குறுகுவது ஏன்?

2008-இல் வெளிவந்த ‘அயர்ன் மேன்’ திரைப்பட நாயகனின் தலைக்கவசத்தை அலுமினியத் தகட்டில் அணியத்தக்கதாகச் செய்வதில், தகட்டை வளைப்பதைவிடக் கண்பிளவை அமைப்பதே நுட்பமான பணியாகும். 10 மில்லிமீட்டர் உயரமுள்ள பிளவு கண்ணிலிருந்து 60 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால், செங்குத்துப் பார்வைக்கோணம், அதாவது மேலும் கீழுமாகக் காணக்கூடிய விரிவு, ஏறத்தாழ 9.5 பாகையாகச் சுருங்க, 20 மில்லிமீட்டருக்கு நெருங்கினாலோ அதே பிளவு 28 பாகையைத் திறந்துவிடுகிறது. ஆகவே பிளவைப் பெரிதாக்கி முகத்தோற்றத்தைக் கெடுப்பதைவிட, உட்புறப் பஞ்சுத் திண்டுகளைத் திருத்திக் கண்ணை அதனருகே கொணர்வதே சிறந்த வழி. கண்களை ஒளிரச்செய்யும் எல்இடி விளக்கொளி உள்ளே கசிந்தால், பிளவை மூடும் நெகிழித் தகட்டில் எதிரொளித்து வெளிக்காட்சியை மங்கச்செய்யும் என்பதால், உட்பரப்பில் பளபளப்பற்ற கரும்பூச்சு இன்றியமையாதது. மூச்சின் ஈரம் அத்தகட்டில் நுண்துளிகளாகப் படிவதைக் குறைக்கத் தாடையருகே காற்றுத்துளைகள் வேண்டும். இத்தனைக்குப் பின்னும் காலடி தெரியாதாகையால், படியிறங்குகையில் ஒருவர் உடன்வருவது கட்டாயம்.