முப்பதைத் தொட்ட சகோதரிகளுக்கு

பிழைப்பின் பொருட்டுத் திருவனந்தபுரத்தில் குடியேறிய நம் குடும்பங்களில், கணவனுக்குக் காய்ச்சல் என்றாலும் குழந்தைக்கு இருமல் என்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவள் பெண்ணே. தன் உடம்புக்கென்று வரும்போது மட்டும் “பார்த்துக்கொள்ளலாம்” என்று இருந்துவிடுகிறாள். கருப்பை வாய்ப் புற்றுநோய் இந்தத் தாமதத்தில்தான் வளர்கிறது.

இந்நோய்க்குக் காரணம் ஒருவகை நுண்கிருமி என்று கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சுர் ஹாசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். அக்கிருமி பலரைத் தொற்றித் தானே அகன்றுவிடும். சிலரிடம் தங்கி, பத்து ஆண்டுகளுக்கு மேலாகவும் மெல்ல மெல்ல உயிரணுக்களை மாற்றிப் புற்றாக்கும். வலி தோன்றுமுன் இம்மாற்றத்தைக் கண்டுவிட்டால் எளிய சிகிச்சையே போதும். நம் நாட்டுத் திட்டப்படி முப்பதாவது வயதில் சோதனை தொடங்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொடர வேண்டும்.

2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, முப்பது முதல் நாற்பத்தொன்பது வயதுவரையுள்ள இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இச்சோதனையைச் செய்துகொண்டவரல்லர். தமிழ்நாட்டில் ஏறக்குறையப் பத்துப் பேர். கல்வியிற் சிறந்த கேரளத்திலோ அதனினும் குறைவு! எழுத்தறிவு மட்டும் பெண்ணைச் சோதனைக் கூடத்துக்கு அழைத்துச் செல்வதில்லை என்பது தெளிவு.

பின் எது அழைத்துச் செல்கிறது? நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்கள் விடை சொல்கின்றன. அங்கே 2000இல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியில் 49,311 பெண்களுக்கு அழைப்பு விடுக்கப்பெற்றது. 31,343 பேர் வந்தனர். இதனை முன்னின்று நடத்திய டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன், முன்னர் 1981இல் நிறுவப்பெற்ற நம் நகரத்து வட்டாரப் புற்றுநோய் மையத்தில் பணியாற்றியவர் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி. சோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியரே. நீர்த்த புளிக்காடியைத் தடவி ஒரு நிமிடம் பார்த்தால், மாறுபட்ட இடம் வெளுத்துக் காட்டும். முடிவு அப்பொழுதே தெரியும். தேவைப்பட்டோர்க்கு அங்கேயே குளிரூட்டும் சிகிச்சையும் அளித்தனர். அழைக்கப்படாத கிராமங்களோடு ஒப்பிட, இந்நோயால் நேரும் மரணம் நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு குறைந்ததென 2007இல் அறிவித்தனர்.

வந்தவர்களுள் முப்பதைக் கடந்த இளம்பெண்களே மிகுதி. சோதிப்பவள் பெண், காத்திருந்து கூலி இழக்க வேண்டியதில்லை, மறுநாள் மீண்டும் அலைய வேண்டியதில்லை. இவை சிறு வசதிகளாகத் தோன்றலாம். நாள் சம்பளக் குடும்பத்தில் இவையே பெருங்காரணங்கள். இழப்பும் ஒரு காரணமாகிறது. உடன்பிறந்த தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அத்துயரினின்றே சென்னை அடையாற்றில் 1954இல் புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பினார். ஆனால், வீட்டில் ஒரு சாவு நேர்ந்த பிறகுதான் நாம் விழிக்க வேண்டுமா?

நாணம் பெருந்தடை என்பர். நாம் அதனை மறுக்கவில்லை. ஆயினும் அயல்மொழியில் அந்தரங்கம் பேச நேருமே என்னும் தயக்கம் நம்மவர்க்கு அதனினும் பெரிது. மலையாளம் சரளமாகப் பேசும் அண்டைவீட்டு அக்காளோ, நாத்தனாரோ உடன் சென்றால் பாதிச் சுமை இறங்கும். மாமியார்மாரே, மருமகள் கேட்குமுன் நீங்களே போய் வரச் சொல்லுங்கள். அந்த அரை நாள் அடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கணவன்மாரும் “நன்றாகத்தானே இருக்கிறாய்?” என்று கேளாதிருப்பார்களாக. நன்றாக இருக்கும்போது செய்துகொள்ளும் சோதனை இது.

மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துச் செல்லுதல் வேண்டும். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்க்கும் சோதனை உண்டு.