ஒரு புள்ளியின் விலை என்ன?
பழைய நில ரிக்கார்டுகளை இனி கம்ப்யூட்டரே படிக்கும் என்கிறார்கள். படிக்கட்டும். ஆனால், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அதற்குத் தெரியுமா?

சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், தமிழக எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிறது குடிபாலா. ஆந்திர மண்டலம்தான். ஆனால் பேச்சில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இந்தப் பகுதி வட ஆற்காடு மாவட்டம். 1953 வரை சென்னை ராஜ்யம். 1960-ல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னைக்குப் போனது. குடிபாலா ஆந்திராவிலேயே நின்றது.

எல்லை மாறினாலும் நிலம் நகரவில்லை. மாறியது காகிதம்தான். தாத்தாவின் கிரயப் பத்திரம் தமிழில் இருக்கலாம், இன்றைய அடங்கல் தெலுங்கில், சர்வே ஆவணம் ஆங்கிலத்தில். மூன்றும் ஒரே துண்டு நிலத்தைத்தான் சொல்கின்றன என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு விவசாயியின் தலையில்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் இப்போது அடிபடுகிறது. பழைய ஃபைல்களை ஸ்கேன் செய்து கொடுத்தால், அது எழுத்துகளைப் படித்து, பெயரையும் சர்வே எண்ணையும் பிரித்தெடுத்து, தேடினால் கிடைக்கும்படி அடுக்கிவைக்கும். குமாஸ்தா அரை நாள் தூசியில் தேடும் காகிதம் அரை நிமிடத்தில் கிடைக்கும். இது வெறும் கனவல்ல. கம்ப்யூட்டர் ஆந்திர அலுவலகங்களுக்குப் புதிதும் அல்ல. பத்திரப் பதிவு 1998-லேயே 'கார்டு' திட்டத்தில் கம்ப்யூட்டருக்கு மாறியது. அடங்கல் 2015-ல் 'மீ பூமி' இணையதளத்துக்கு வந்தது. கர்நாடகத்தில் தாலுகா அலுவலகங்களின் பழைய நில ரிக்கார்டுகளை ஸ்கேன் செய்யும் 'பூ சுரக்ஷா' திட்டம் 2024-ல் தொடங்கியது.

ஆனால் எந்த இயந்திரமும் இல்லாத காகிதத்தைப் படிக்காது. 2024 ஜூலை 21, ஞாயிறு இரவு. மதனப்பள்ளி சப்-கலெக்டர் அலுவலகம் பற்றி எரிந்தது. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் அது. நிலம் தொடர்பான இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஃபைல்கள் சேதமாயின. இது விபத்துதானா என்ற சந்தேகம் எழ, மறுநாளே மாநில டி.ஜி.பி. நேரில் வந்து பார்த்தார். வழக்கு சி.ஐ.டி.க்குப் போனது. எரிந்த ஃபைலுக்கு வேறோர் இடத்தில் நகல் இருந்தால் பிழைக்கலாம். இல்லாவிட்டால், எவ்வளவு புத்திசாலியான கம்ப்யூட்டரும் சாம்பலிலிருந்து சர்வே எண்ணை எடுத்துத் தராது. எனவே முதல் வேலை படம் பிடிப்பது. அதை இரண்டு ஊர்களில் பத்திரப்படுத்துவது. படிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அந்தப் படிப்பில்தான் வில்லங்கம். ஆந்திராவில் 'சுக்கல பூமுலு' என்று ஒரு ரகம் உண்டு. புள்ளி நிலங்கள் என்று பொருள். பிரிட்டிஷ் காலத்தில், சுமார் நூறாண்டுகளுக்கு முன்பு மறுநிர்ணயப் பதிவேடு எழுதப்பட்டபோது, யாருக்குச் சொந்தம் என்று முடிவாகாத நிலங்களுக்கு நேராகப் பெயர் எழுதாமல் புள்ளி வைத்தார்கள். அன்று ஒரு எழுத்தர் வைத்த புள்ளி, பேரன் காலத்தில் நிலத்தை விற்க முடியாத 22-ஏ தடைப் பட்டியலில் கொண்டுபோய் நிறுத்தியது. 2017-ல் இதற்கென்றே ஆந்திராவில் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. 2023-ல் மாநிலம் முழுவதும் சுமார் 2 லட்சம் ஏக்கர் புள்ளி நிலங்களுக்குத் தடை நீக்கப்பட்டதாக அரசு அறிவித்தது.

இப்போது அந்தப் பக்கத்தை கம்ப்யூட்டரிடம் கொடுங்கள். எழுத்தைப் படிக்கும் முன் படத்தைச் சுத்தம் செய்வது இத்தகைய மென்பொருள்களின் வழக்கம். கறை, தூசி, பூச்சி அரித்த பொட்டு போன்ற சிறு கரும்புள்ளிகளை அது துடைத்துவிடும். எழுத்தர் வைத்த புள்ளியும் தூசியோடு தூசியாகப் போகலாம். மிஞ்சுவது வெறும் கட்டம். அந்த நிலம் ஏன் தடைப் பட்டியலுக்குப் போனது என்பதற்கான ஒரே சாட்சி, கம்ப்யூட்டர் பிரதியில் இருக்காது.

தமிழ்ப் பத்திரங்களுக்கு வேறு தொல்லை. பழைய கையெழுத்தில் மெய்யெழுத்தின் மேல் புள்ளி வைக்காமல் விடுவது சகஜம். தமிழ் எண்களில் ஒன்றுக்கும் 'க' எழுத்துக்கும் உருவம் ஒன்றே. இரண்டுக்கு 'உ', எட்டுக்கு 'அ' சாயல். அளவு சொல்லும் இடத்தில் எண்ணை எழுத்தாகப் படித்தால் நிலம் சுருங்கும், அல்லது பெருகும். பெயரிலும் இதே கதை. தமிழ்ப் பத்திரத்தில் உள்ள 'பழனி', 'ழ' இல்லாத தெலுங்கில் 'பளனி' ஆகிறார். பத்திரத்தில் இனிஷியல், அடங்கலில் வீட்டுப் பெயர். இருவரும் ஒருவரா? ஊர்க்காரர் ஒரு நொடியில் சொல்வார். இயந்திரம் ஊகித்துத்தான் சொல்லும்.

ஊகிப்பது தவறில்லை, ஊகம் என்று சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. இன்றைய மொழி இயந்திரங்கள் மை அழிந்த இடத்தையும் சரளமாக நிரப்பிவிடும். வாக்கியம் அழகாக இருக்கும். உண்மை அதில் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

இதற்கு வழி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருமலைக் கோயிலின் பழைய ரிக்கார்டுகள் கல்வெட்டுகள்தான். யார் எவ்வளவு பொன் கொடுத்தார்கள், அதில் எந்த நைவேத்தியம் நடக்க வேண்டும் என்று பெரும்பாலும் தமிழிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். 1930-களில் திருப்பதி தேவஸ்தானம் இவற்றைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டது. கல்வெட்டு படிப்பவர்களுக்கு ஒரு நேர்மையான பழக்கம் உண்டு. தேய்ந்துபோன எழுத்து இருக்கும் இடத்தில் புள்ளிகளை வைத்துவிடுவார்கள். ஊகித்துச் சேர்த்த எழுத்தை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள்.

சுப்ரீம் கோர்ட்டும் இந்த ஜாக்கிரதையைக் கைவிடவில்லை. 2019-ல் 'சுவாஸ்' என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளைக் கொண்டுவந்தது. அப்படி மாநில மொழிக்கு வரும் தீர்ப்புகளிலேயே, ஆங்கில மூலம்தான் அதிகாரபூர்வமானது என்ற குறிப்பு உண்டு.

நில ரிக்கார்டுக்கும் அதே விதி போதும். கம்ப்யூட்டர் தேடித் தரட்டும். சான்று மூலப் படமே. சந்தேகமான சொல்லுக்கு அடையாளம் இட்டு, தமிழும் தெலுங்கும் தெரிந்த ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். யார், எப்போது, எதைத் திருத்தினார் என்பது அழியாமல் பதிவாக வேண்டும். நிலத்துக்குச் சொந்தக்காரர் அந்தப் பக்கத்தைத் தானே பார்த்து ஆட்சேபிக்க வழி இருக்க வேண்டும்.

நூறாண்டுக்கு முன் பதிவேடு எழுதியவர், தெரியாத இடத்தில் புள்ளி வைத்தார். அதைத் தீர்த்துவைக்காமல் விட்டது பின்னால் வந்தவர்களின் குற்றம். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதும் தவறை அவர் செய்யவில்லை. அவர் நாற்காலியில் உட்காரப்போகும் இயந்திரமும் அதைச் செய்யாமல் பார்த்துக்கொள்வது அலுவலகத்தின் வேலை.