பெட் வி 1

பெட் வி 1 என்பது பூர்ச்ச மரத்தின் மகரந்தத்தில் உள்ள முதன்மையான ஒவ்வாமை ஊக்கிப் புரதம் ஆகும். வட, நடு ஐரோப்பாவில் இளவேனிற்காலத்தில் பலருக்கு ஏற்படும் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு ஆகியவற்றுக்கு இம்மகரந்தம் ஒரு முக்கிய காரணமாகும். பூர்ச்ச மகரந்த ஒவ்வாமை உடையோரில் மிகப் பெரும்பாலானோரின் இம்யூனோகுளோபுலின் ஈ வகைப் பிறபொருளெதிரிகள் இப்புரதத்துடன் பிணைகின்றன.

பெயர்

பேரினப் பெயரின் முதல் மூன்று எழுத்துகள், இனப்பெயரின் முதலெழுத்து, ஓர் எண் என்ற முறைப்படி இப்பெயர் அமைந்தது. பெட்யூலா வெருகோசா எனப்பட்ட மரம் இன்று பெட்யூலா பென்டுலா என்றே வழங்கப்படுகிறது. எனினும் புரதத்தின் பெயர் மாறவில்லை.

பிரித்தெடுத்தலும் அடையாளம் காணலும்

முதலில் அசிட்டோன் அல்லது ஈதர் கொண்டு மகரந்தத்தின் கொழுப்பு நீக்கப்படுகிறது. பின்னர் அது தாங்கல் கரைசலில், குளிர்ந்த நிலையில் கலக்கப்படுகிறது. குளிர்ச்சி, மகரந்தத்திலேயே உள்ள நொதிகள் புரதங்களைச் சிதைப்பதைக் குறைக்கும். பெட் வி 1 எளிதில் கரைவது. ஈரமான மூக்குச் சவ்வில் மகரந்தம் படிந்த சில நிமிடங்களிலேயே வெளிப்படுவதும் இதனால்தான். மையவிலக்கியால் சக்கை நீக்கப்பட்டபின், அம்மோனியம் சல்பேட்டு சேர்த்துப் புரதங்கள் வீழ்படிவாக்கப்படுகின்றன. அவை மின்னூட்டத்தைப் பொறுத்து அயனிப் பரிமாற்றத்தாலும், பருமனைப் பொறுத்துக் கூழ்ம வடிகட்டலாலும் பிரிக்கப்படுகின்றன. பெட் வி 1 சுமார் 17,000 டால்டன் எடையுள்ளது.

பிரிந்த புரதங்களுள் ஒவ்வாமை ஊக்கி எது? மின்புலத்தில் பிரித்த புரதப் பட்டைகளை நைத்திரோசெல்லுலோசுத் தாளுக்கு மாற்றி, நோயாளியின் குருதித் தெளியத்தில் ஊறவைப்பர். பிறபொருளெதிரி எப்பட்டையில் ஒட்டுகிறதோ அதுவே விடை. எவ்வளவு மிகுதியாக இருந்தாலும், ஒட்டாத புரதம் கணக்கில் கொள்ளப்படாது.

ஒரே பட்டையாகத் தெரியும் தூய புரதமும் உண்மையில் பல மாற்றுருக்களின் கலவையாகும். அவற்றுள் சில பிறபொருளெதிரியுடன் மிகக் குறைவாகவே பிணைகின்றன. 1989 இல் வியன்னாவில் ஹைமோ பிரைட்டனெடர் உள்ளிட்ட குழுவினர் இப்புரதத்தின் மரபணுவைப் படியெடுத்தனர். அது பட்டாணிச் செடியின் நோயெதிர்ப்பு மரபணு ஒன்றைப் பெரிதும் ஒத்திருந்தது. இதன்பின் ஒரே மாற்றுருவை மட்டும் பாக்டீரியாவில் உருவாக்க இயன்றது.

பயன்

பெட் வி 2 என்னும் மற்றொரு பூர்ச்சப் புரதம் புரோஃபிலின் வகையைச் சார்ந்தது. அவ்வகை ஏறத்தாழ எல்லாத் தாவரங்களிலும் உண்டு. ஆகவே புல் மகரந்தத்தால் மட்டுமே துன்புறும் ஒருவருக்கும் முழுச் சாறு கொண்டு செய்யும் சோதனை "பூர்ச்ச ஒவ்வாமை" எனக் காட்டக்கூடும். அதை நம்பிப் பூர்ச்சச் சாற்றைக் கொண்டு மூன்று ஆண்டுகள் தடுப்பாற்றல் மருத்துவம் செய்தாலும் அவருக்குப் பலன் கிடைப்பது அரிது. தூய பெட் வி 1 கொண்டு செய்யும் சோதனை இத்தவற்றைத் தவிர்க்க உதவுகிறது.

ஆப்பிளில் உள்ள மால் டி 1 புரதமும் பெட் வி 1 ஐ ஒத்தது. எனவே இந்நோயாளிகள் பலருக்குப் பச்சை ஆப்பிளைத் தின்றால் வாய் அரிக்கும். வெப்பத்தில் அப்புரதத்தின் வடிவம் குலைவதால், வேகவைத்த ஆப்பிள் பெரும்பாலும் அரிப்பதில்லை.