பணிமனையிலும் பாடம் உண்டு: தொழிற்கல்வி மாணவர்களுக்கான பணியிடப் பயிற்சி

மேல்நிலை வகுப்பில் தொழிற்கல்விப் பிரிவை எடுத்த மாணவர்கள் பலர், இரண்டு ஆண்டுச் செய்முறைப் பாடத்தையும் பள்ளி ஆய்வகத்திலேயே முடித்துவிடுகிறார்கள். அங்கே இருக்கும் மோட்டாரை அவர்களுக்கு முன்பே பல அணியினர் கழற்றி மாட்டியிருப்பார்கள். வெளியே ஒரு பணிமனைக்கு வரும் மோட்டாரோ, தனக்கு என்ன பழுது என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. மாலைக்குள் வேண்டும் என்று வாடிக்கையாளர் நிற்பார். என்ன செலவாகும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கும். இந்தச் சூழலை மாணவர் படிக்கும் காலத்திலேயே சந்திக்கச் செய்வதுதான் பணியிடப் பயிற்சி.

ஆனால், மாணவரை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டாலே அவர் கற்றுக்கொண்டுவிடுவார் என்று இருக்க முடியாது. தேநீர் வாங்கி வருவதிலும் தரை கூட்டுவதிலும் பயிற்சி நாள்கள் கழிந்துவிடக்கூடும். அதைத் தடுப்பது ஆசிரியரின் திட்டமிடல்.

புதிய சிந்தனையா?

கைத்தொழில் வழியே கல்வி என்னும் ஆதாரக் கல்விக் கருத்தைக் காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்தார். 1964–66 காலத்தில் செயல்பட்ட கோத்தாரி கல்விக்குழு, பள்ளிக் கல்வியில் பணி அனுபவம் இடம்பெற வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் சேர்ந்தே வந்தது. அதே ஆண்டில் மால்கம் ஆதிசேசய்யா தலைமையிலான தேசிய மறுஆய்வுக் குழு, மேல்நிலையில் தொழிற்கல்வியை வலுப்படுத்துவது குறித்து அறிக்கை அளித்தது. செய்யக் கற்றல் என்ற பொருள் தரும் தலைப்பையே அந்த அறிக்கைக்கு வைத்தார்கள்.

எங்கே, எதைக் கற்கலாம்?

பெரிய தொழிற்சாலை அருகில் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. நம் ஊர்க் கடைத்தெருவிலேயே பாடம் இருக்கிறது.

மின் பொறியியல் மாணவருக்கு மோட்டார் வைண்டிங் கடை போதும். பழைய காயிலை அறுத்து எடுக்கும்போது கடைக்காரர் சுற்றுகளை எண்ணுகிறார், கம்பியின் கேஜ் பார்க்கிறார், இணைப்பை வரைந்து வைத்துக்கொள்கிறார். சுற்றி முடித்து வார்னிஷ் காய்ந்தபின் மெக்கர் வைத்துச் சோதிக்கிறார். 'சுற்றுகளின் எண்ணிக்கை குறைந்தால் என்ன ஆகும்?' என்ற கேள்வியோடு அங்கே போகும் மாணவர், புத்தகத்தில் படித்த சூத்திரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவார்.

தானியங்கி ஊர்திப் பொறியியலில், புத்தகத்துக்கும் பணிமனைக்கும் உள்ள இடைவெளியே ஒரு பாடம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி நடைமுறைக்கு வந்தபின் புதிய இருசக்கர வாகனங்களில் கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருள் உட்செலுத்தும் அமைப்பு பரவலாகிவிட்டது. இரண்டு வகை வண்டிகளும் இன்று சாலையில் ஓடுகின்றன. இரண்டிலும் பழுதைக் கண்டறியும் முறை எப்படி வேறுபடுகிறது என்று மாணவர் எழுதி வரட்டும்.

செவிலியப் பிரிவு மாணவியர் மருத்துவமனையில் பார்வையாளராக இருந்தே நிறையக் கற்கலாம். இரத்தம் தோய்ந்த பஞ்சும் துணியும் மஞ்சள் பையில், ஊசி நீக்கிய சிரிஞ்சும் குழாய்களும் சிவப்பில், ஊசியும் பிளேடும் துளைபடாத வெள்ளைக் கலனில், கண்ணாடிக் குப்பிகள் நீலத்தில் எனக் கழிவுகள் ஏன் பிரிக்கப்படுகின்றன? காரணத்தைக் கேட்டு எழுதினால் தொற்றுக் கட்டுப்பாடு மனத்தில் நிற்கும்.

அலுவலக மேலாண்மை மாணவர், ஓர் அலுவலகத்துக்கு வரும் கடிதம் தபால் பதிவேட்டில் ஏறுவது முதல் பதில் அனுப்பப்படுவது வரை உள்ள படிகளைப் பின்தொடரலாம். ஆடை வடிவமைப்பு மாணவி, ஒரே அளவு துணியில் வெட்டுமாதிரிகளை இரண்டு விதமாக அடுக்கி, எதில் துணி குறைவாக வீணாகிறது என்று அளந்து பார்க்கலாம்.

மூன்று கட்டங்கள்

போகுமுன்: தொழிற்கல்வி ஆசிரியர் முதலில் அந்த இடத்தை நேரில் பார்க்க வேண்டும். யார் கற்பிப்பார், என்னென்ன வேலை காட்டுவார், எந்த இயந்திரத்தின் அருகே மாணவர் போகக் கூடாது என்பதைப் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். தலைமையாசிரியர் அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் எழுத்தில் இருக்கட்டும். மாணவர் கையில் ஒரு நாளுக்கு ஒரு கேள்வி வீதம் எழுதிய தாள் கொடுப்போம்.

பயிற்சியின்போது: மாணவர் தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும். இன்று பார்த்தது, செய்தது, புரியாதது என மூன்று பகுதிகள் போதும். 'புரியாதது' என்ற பகுதி நாள்தோறும் காலியாக இருந்தால் ஆசிரியர் உடனே போய்ப் பார்ப்பது நல்லது. அந்த மாணவருக்கு அங்கே யாரும் எதையும் காட்டவில்லை என்றும் பொருள் இருக்கலாம்.

திரும்பிய பின்: ஒவ்வொருவரும் வகுப்பில் ஒரு வேலையைச் செய்துகாட்டி விளக்கட்டும். நாட்குறிப்பில் உள்ள கேள்விகளைப் பாடத்தோடு இணைப்பது நம் வேலை.

நம் மாணவர்கள் சிலர் ஏற்கெனவே விடுமுறை நாள்களில் தந்தையின் பட்டறையில் உழைப்பவர்கள். அவர்களுக்குக் கை பழகியிருக்கும். காரணம் கேட்டுப் பழக்கம் இருக்காது. அவர்களை அதே பட்டறைக்கு அனுப்பாமல், வேறு கருவிகளும் வேறு முறைகளும் உள்ள இடத்துக்கு அனுப்புவதே பயன் தரும்.

பாதுகாப்பு

மேல்நிலை மாணவர் பெரும்பாலும் 18 வயது நிரம்பாதவர். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, 14 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்களை அபாயகரமான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது. பட்டாசு, வெடிபொருள் போன்ற இடங்களைப் பயிற்சிக்கு நினைக்கவே கூடாது. மற்ற இடங்களிலும் மாணவர் வருவது கற்பதற்கு. ஆள் பற்றாக்குறையை ஈடுகட்டவோ உற்பத்தி இலக்கை எட்டவோ அவரைப் பயன்படுத்தக் கூடாது என்பதை நிறுவனத்தாரிடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

மாணவியரை இருவர் அல்லது மூவராக அனுப்புவோம். கழிப்பறை, பேருந்து நேரம், பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண் பணியாளர் ஆகியவற்றை ஆசிரியர் முன்பே உறுதிசெய்ய வேண்டும். 1098, 14417 ஆகிய உதவி எண்களை நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்வோம். தொந்தரவு ஏற்பட்டால் உடனே விலகி வரலாம், மதிப்பெண் குறையாது என்று மாணவர் அனைவருக்கும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பயத்தில் சகித்துக்கொள்வார்கள்.

மேலே செல்ல வழிகள்

பன்னிரண்டாம் வகுப்போடு தொழிற்கல்வி முடிந்துவிடுகிறது என்று பல பெற்றோர் எண்ணுகிறார்கள். 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தில் 1986இல் செய்த திருத்தம், மேல்நிலைத் தொழிற்கல்வி முடித்தவர்களையும் பழகுநராகச் சேர்க்க வழிசெய்தது. அவர்களுக்குப் பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு. தென்மண்டலத்துக்கான தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இயங்குகிறது. பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கைக்கும், பொறியியல் கலந்தாய்வில் தொழிற்கல்விப் பிரிவுக்கான ஒதுக்கீட்டுக்கும் பாடப்பிரிவைப் பொறுத்து விண்ணப்பிக்கலாம். இவற்றை ஆண்டுத் தொடக்கத்திலேயே பெற்றோர் கூட்டத்தில் விளக்குவோம்.

அனைவருக்கும் பங்கு

இது தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவரின் சுமையாகிவிடக் கூடாது. நாட்குறிப்பைத் திருத்தித் தருவதில் தமிழாசிரியர் உதவலாம். முன்னாள் மாணவர்கள் நடத்தும் கடைகளையும் நிறுவனங்களையும் பள்ளி மேலாண்மைக் குழு அடையாளம் காட்டலாம். தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் தச்சரையும் தையற்காரரையும் வகுப்புக்கு அழைத்துப் பேசவைத்தால், கைத்தொழிலின்மேல் மதிப்பு சிறு வயதிலேயே வேரூன்றும். பத்தாம் வகுப்பு ஆசிரியர்களோ, 'மதிப்பெண் குறைந்தால் தொழிற்கல்வி' என்று சொல்வதை நிறுத்தினாலே பேருதவி.

இந்தக் கல்வியாண்டில் பள்ளியைச் சுற்றியுள்ள ஐந்து பணியிடங்களைப் பட்டியலிட்டு, அவற்றில் ஒன்றையாவது நேரில் போய்ப் பார்த்துப் பேசித் தொடங்குவோம்.